நாற்பது நாள் படையும் எமது கிணறுகளும்

வெளிநாட்டுச் சீருடை என்றதும் கிழக்குக் கரையோர மக்களின் மனதில் ஐயம் எழுவது இயல்பே. 1987 முதல் 1990 வரை இந்திய அமைதிப் படை வடக்கு, கிழக்கில் நிலைகொண்டிருந்த காலத்தைக் கண்ட தலைமுறை இன்னும் எம்மிடையே வாழ்கின்றது. ஆயினும் 2005 ஜனவரியில் அம்பாறை மாவட்டத்திற்கு வந்த கனடிய இராணுவத்தின் அனர்த்த உதவி அணியை அந்த வரிசையில் வைத்துப் பார்த்தல் பொருந்தாது. 2025 நவம்பரில் வீசிய டித்வா புயலின் பின்னரும் வெளிநாட்டுப் படைகளின் விமானங்களும் மருத்துவ அணிகளும் இந்நாட்டுக்கு வந்துள்ள நிலையில், அந்த அனுபவத்தை நாம் மீட்டுப்பார்ப்பது அவசியமாகின்றது.

'டார்ட்' என அழைக்கப்படும் அந்த அணி ஒரு தோல்வியிலிருந்து பிறந்தது. 1994 இல் ருவாண்டா அகதிகளிடையே வாந்திபேதி பரவியபோது கனடா அனுப்பிய இராணுவ மருத்துவப் பிரிவு, நோயின் உச்சம் கடந்த பின்னரே போய்ச் சேர்ந்தது. அதன் பாடமாக 1996 இல் சுமார் 200 பேர் கொண்ட இந்த அணி அமைக்கப்பட்டது. வைத்தியர்கள், பொறியியற் பிரிவினர், நீர் சுத்திகரிப்போர், பாதுகாப்புக்குச் சிறு காலாட்படைப் பிரிவு ஆகியோரைக் கொண்ட இவ்வணிக்கு வகுக்கப்பட்ட காலம் ஏறத்தாழ 40 நாட்கள். 1998 இல் ஹொண்டூராஸ், 1999 இல் துருக்கி என இருமுறை சென்ற அணி, அதன்பின் ஐந்தாண்டுகளுக்கு மேல் எங்கும் அனுப்பப்படவில்லை.

விரைவுக்கென உருவாக்கப்பட்ட அணி இங்கும் விரைந்து வரவில்லை என்பதே கசப்பான உண்மை. கடற்கோள் 2004 டிசம்பர் 26 இல் நிகழ்ந்தது. அணியை அனுப்பும் முடிவு ஜனவரி 2 ஆம் திகதியே அறிவிக்கப்பட்டது. பாரிய சரக்கு விமானங்கள் அன்று கனடாவிடம் இல்லாமையால் அன்ரனோவ் விமானங்களை வாடகைக்கு அமர்த்த வேண்டியிருந்தது. தாமதத்தைக் கனடாவிலேயே பலர் கண்டித்தனர். இலங்கையில் ஆகக் கூடுதலான உயிரிழப்பைக் கண்ட மாவட்டம் அம்பாறை. 10,000க்கும் மேற்பட்டோர் இங்கு மாண்டனர். மருதமுனை, கல்முனைக்குடி, சாய்ந்தமருது, காரைதீவு ஆகிய ஊர்கள் தமது ஜனாஸாக்களையும் பிரேதங்களையும் தாமே மீட்டு அடக்கம் செய்து முடித்த பின்னரே அணி வந்தது. உயிரோடு எஞ்சியோரைக் காப்பாற்றியவர்கள் அயலவர்களே.

அப்படியாயின் அணியால் விளைந்த பயன் என்ன? தண்ணீர் என்பதே எமது விடை. எமது மணற்பாங்கான கரையில் நன்னீர் என்பது உவர்நீரின் மேல் மெல்லிய படையாக மிதந்து நிற்பது. அலை அந்தப் படையைக் குலைத்தது. மலசலகூடக் குழிகளின் கழிவும் கிணறுகளில் கலந்தது. நல்லெண்ணத்தோடு வந்த பலர் கிணறுகளை மீண்டும் மீண்டும் இறைத்தனர். அளவுமீறி இறைத்த இடங்களில் அடியிலிருந்த உவர்நீர் மேலெழுந்து நிலைமை மேலும் கெட்டது. தூய நீரின்றேல் முகாம்களில் தொற்றுநோய் பரவும் என்ற அச்சம் நிலவிய அவ்வேளையில், மூடிக்கிடந்த ஹிங்குராணை சீனித் தொழிற்சாலையில் தளம் அமைத்த கனடியர், உவர்நீரைச் சவ்வினூடாக அழுத்தி நன்னீராக்கும் இயந்திரங்களை இயக்கினர். ஏறத்தாழ 35 இலட்சம் லீற்றர் குடிநீர் கிடைத்தது. 7,500க்கும் மேற்பட்டோர் சிகிச்சை பெற்றனர். அணியின் படகுச் சேவையில் சுமார் 70,000 பயணிகள் ஏற்றியிறக்கப்பட்டனர். பெப்ரவரியில் பணி முடித்து அணி திரும்பியது.

நாற்பது நாளில் செய்யத்தக்கது அவ்வளவே. எஞ்சிய பணியோ எமது அரசினதும் அரசியல்வாதிகளினதும் கைக்கு வந்தது. அங்கேதான் இழுபறி தொடங்கியது. 2005 ஜூனில் கைச்சாத்தான சுனாமி நிவாரணப் பொதுக் கட்டமைப்பு உடன்படிக்கையில், பெருமளவில் பாதிக்கப்பட்ட முஸ்லிம்கள் ஒரு தரப்பாகக் கையொப்பமிட இடமளிக்கப்படவில்லை. மறுமாதமே உயர் நீதிமன்றம் அதன் முக்கிய பகுதிகளை இடைநிறுத்தியது. அக்கரைப்பற்று நுரைச்சோலையில் சவூதி உதவியுடன் கட்டப்பட்ட 500 வீடுகள், பகிர்வு குறித்த வழக்கின் பின்னர் பத்தாண்டுகளுக்கு மேலாக ஆளின்றிக் காடுமண்டிக் கிடந்தன. கல்முனையிலோ பிரதேச செயலக எல்லைக்காக 2019 இல் உண்ணாவிரதம் வரை சென்றோம். கிணற்றுக்குள் உவர்நீர் புகுந்தபோது அது எந்த எல்லையையும் கேட்கவில்லை.

ஹிங்குராணைக்கு வந்த அணி அதே ஆண்டு ஒக்டோபரில் பாகிஸ்தான் நிலநடுக்கத்திற்கும், பின்னர் 2010 இல் ஹெயிட்டிக்கும், 2013 இல் பிலிப்பைன்ஸுக்கும், 2015 இல் நேபாளத்திற்கும் சென்றது. ஒவ்வொரு தடவையும் அது மக்களைச் சென்றடையச் சில நாட்களேனும் பிடித்தன. அந்த நாட்களில் எமது கரையோரம் எதைக் குடிக்கப் போகின்றது என்பதே எமது கேள்வி. பெரிய நீலாவணை தொட்டுப் பொத்துவில் வரையுள்ள உள்ளூராட்சி மன்றங்கள் நடமாடும் நீர் சுத்திகரிப்பு இயந்திரங்களைக் கூட்டாக வாங்கி, உயரமான ஓரிடத்தில் வைத்து, அவற்றை இயக்க இரு சமூகத்து இளைஞர்களையும் பயிற்றுவிப்பதற்கு எவருடைய எல்லைப் பிணக்கும் தீரும்வரை காத்திருக்கத் தேவையில்லை.