மயக்கத்துக்கும் எடை உண்டு

திருமங்கலத்துக்காரருக்கு முதுகுத்தண்டில் ஆபரேஷன் என்றால், மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனையோ தனியாரோ, சொந்தக்காரர்கள் விசாரிப்பது சர்ஜன் யார் என்பதைத்தான். மயக்க மருந்து டாக்டரை யாரும் கேட்பதில்லை. அவர் முழு மயக்கத்தோடு டெக்ஸ்மெடிடோமிடின் என்ற மருந்தையும் சேர்ப்பதுண்டு: வழக்கமாகக் கிலோவுக்கு 1 மைக்ரோகிராம் வரை 10 நிமிடத்தில் மெல்ல ஏற்றி, பிறகு கிலோவுக்கு மணிக்கு 0.2 முதல் 0.7 மைக்ரோகிராம். இதனால் புரோபோஃபால் என்ற மயக்க மருந்து குறைவாகவே தேவைப்படும். அளவு கூடினாலோ நாடித்துடிப்பு இறங்கும், பிரஷர் சரியும். கருவியில் கண்காணிக்கும் கால் நரம்புச் சமிக்ஞையும் மங்கலாம். குப்புறக் கிடத்திய உடம்பில் இது விளையாட்டல்ல. ஆகவே ‘பார்த்தா அறுபது கிலோ இருக்கும்’ என்ற வாய்க்கணக்கு வேண்டாம். எடை மெஷினில் ஏற்றச் சொல்லுங்கள். பிரஷர் மாத்திரை, குடிப்பழக்கம் எதையும் டாக்டரிடம் மறைக்காதீர்கள். மச்சினன் பக்கத்தில் நின்றால், டீ வாங்க அனுப்பிவிட்டாவது சொல்லுங்கள்.