நல் என்பது நல்லதல்ல

ஜாவா படிக்கும் மாணவர்களுக்குச் சீட்டாட்ட புரோகிராம் ஒரு சம்பிரதாயம். கார்டு என்று ஒரு கிளாஸ், பிளேயர் என்று ஒரு கிளாஸ், கட்டைக் கலைக்க ஒரு மெத்தட். கூடவே ஒரு கெட்ட பழக்கமும் வந்து ஒட்டிக்கொள்கிறது: மதிப்பு தெரியாத இடத்திலெல்லாம் 'நல்' போடுவது. பேர்தான் நல், செய்வதெல்லாம் பொல்லாத வேலை :-)

கீரனூரில் (புதுக்கோட்டை மாவட்டக் கீரனூர்தான், பழநி பக்கத்துக் கீரனூர் அல்ல) ஒரு கல்யாண வீட்டு மொட்டைமாடியில் நாலு பேர் முன்னூற்றி நாலு ஆடுவதாக வைத்துக்கொள்ளுங்கள். மொத்தம் 32 சீட்டு. ஜாக்கி 30, ஒன்பது 20, ஏஸ் 11, பத்து 10, ராஜா 3, ராணி 2. எட்டுக்கும் ஏழுக்கும் பூஜ்யம். ஒரு இனத்துக்கு 76, நாலு இனத்துக்கு 304. முதலில் ஆளுக்கு 4 சீட்டு. அதிகம் கேட்டவர் துருப்பைக் கவிழ்த்து வைப்பார். பிறகுதான் மீதி 4.

இப்போது துருப்பு என்ன? கேள்வி முடியும்வரை துருப்பே கிடையாது. கவிழ்த்த பிறகு துருப்பு உண்டு, ஆனால் கேட்டவருக்கு மட்டும்தான் தெரியும். திறந்த பிறகு எல்லோருக்கும் தெரியும். 'இல்லை' வேறு, 'இருக்கிறது, காட்டமாட்டேன்' வேறு. எழுதப் படிக்கத் தெரியாத தாத்தாவுக்கும் விளங்குகிற இந்த வித்தியாசத்தை நம் புரோகிராமர்கள் ஒரே நல்லுக்குள் திணிக்கிறார்கள்.

புரோகிராம் நல் பாயிண்டர் எக்ஸப்ஷன் என்று அலறி விழுகிறது. உடனே 'நல் என்றால் துருப்பு இல்லாத ஆட்டம்' என்று ஒரு இஃப். அலறல் நின்றது, சரி. ஆட்டம்? இனம் இல்லாதவர் கவிழ்த்துப் போட்டு வெட்டிய துருப்பு வெறும் சீட்டாகிவிடுகிறது. தோற்க வேண்டியவர் ஜெயிக்கிறார். விழுந்த புரோகிராமைத் தூக்கி நிறுத்தலாம். பொய் சொல்லும் புரோகிராமை யார் கண்டுபிடிப்பது?

புள்ளியிலும் இதே கதை. ஜாக்கிக்கு மதிப்பு கொடுக்க மறந்தால் 'காலி என்றால் பூஜ்யம்' என்று ஓடும். ஏழின் பூஜ்யம் விதி. ஜாக்கியின் பூஜ்யம் மறதி. இனமும் மதிப்பும் இல்லாமல் ஒரு சீட்டே பிறக்கக்கூடாது என்று கன்ஸ்ட்ரக்டரில் தடுக்க வேண்டாமா?

'ஆப்ஷனல் இருக்கிறதே!' என்பார்கள். 2014-இல் ஜாவா 8-ஓடு வந்தது, நல்லதுதான். ஆனால் அது உண்டா இல்லையா என்று மட்டும் சொல்லும். ஏன் இல்லை என்று சொல்லாது. துருப்புக்கு மூன்று நிலை என்றால் மூன்றுக்கும் பெயர் வையுங்கள்: கேட்கவில்லை, கவிழ்ந்தது, திறந்தது. கையில் சீட்டு தீர்ந்ததா? காலிப் பட்டியல் கொடுங்கள், நல் அல்ல.

1965-இல் அல்கால் டபிள்யூ மொழிக்காக நல்லைக் கொண்டுவந்த டோனி ஹோரே, 2009-இல் லண்டனில் மேடையேறி, அது தன்னுடைய நூறு கோடி டாலர் தவறு என்று ஒப்புக்கொண்டார். பெற்றவரே கைகழுவிய பிள்ளையைத்தான் இங்கே சீராட்டுகிறார்கள்.

'ஒரு சீட்டாட்டத்துக்கு இவ்வளவா?' என்று கேட்பவர்களுக்கு: இன்று சீட்டாட்டம் எழுதும் கைதான் நாளை அரசாங்க விண்ணப்பத்துக்கும் புரோகிராம் எழுதும். 'மாவட்டம் காலி என்றால் பட்டியலில் முதலில் வருவதைப் போடு' என்று அந்தக் கை எழுதினால், புதுக்கோட்டைக் கீரனூர்ப் பாட்டியின் பென்ஷன் பழநிக் கீரனூருக்குப் போகும். அங்கே சீட்டைக் கலைத்துப் புதிதாகப் போட முடியாது.