மால்டா வழக்கும் நமது தொழிலும்

பிரதம மந்திரிக்கு மிக நெருங்கியவர்கள் பனாமாவில் இரகசியக் கம்பெனிகள் வைத்திருந்ததை 2016ஆம் ஆண்டில் வெளிக்கொணர்ந்த பத்திரிகையாளர் டாஃப்னி கருவானா கலீட்சியா, மறு ஆண்டு அக்டோபர் 16ஆம் தேதி பிற்பகல், மால்டாத் தீவின் பித்னியா கிராமத்தில் தமது வீட்டைவிட்டுப் புறப்பட்ட சிறிது நேரத்துக்குள், காரில் வைக்கப்பட்டிருந்த வெடிகுண்டுக்கு இரையானார். இக்கொலைக்காக ஒருவனுக்கு 2021இல் 15 ஆண்டுகளும், குண்டு வைத்த சகோதரர் இருவருக்கு 2022இல் தலா 40 ஆண்டுகளும், குண்டை வாங்கிக்கொடுத்த இருவருக்கு 2025இல் ஆயுளும் தண்டனையாக விதிக்கப்பட்டன. ஏவியவர் என்று குற்றம் சாட்டப்பட்ட பெருவணிகர் அதை மறுத்துவருவதால் அவரைக் குறித்து இங்கே அபிப்பிராயம் கூறுவது முறையன்று.

ஆயினும், யார் கொன்றார் என்ற கேள்விக்குத்தான் குற்றவியல் நியாயஸ்தலம் விடை தரமுடியுமேயன்றி, பட்டப்பகலில் இப்படிக் கொன்றுவிடலாம் என்ற துணிவு எங்கிருந்து பிறந்தது என்பதை ஆராய அதற்கு அதிகாரமும் இல்லை, அவகாசமும் இல்லை. இதை நன்கு உணர்ந்த குடும்பத்தார் தனியாக ஒரு பகிரங்க விசாரணை வேண்டுமென்று விடாமல் போராடினர். ஐரோப்பியக் கவுன்சிலின் நாடாளுமன்றப் பேரவை 2019இல் வற்புறுத்திய பிறகே மால்டா அரசாங்கம் அதற்கு இணங்கிற்று. மூன்று நீதிபதிகள் 2021 ஜூலையில் வெளியிட்ட அறிக்கை, கொலையில் அரசுக்கு நேரடிப் பங்கு இருந்ததற்குச் சாட்சியம் இல்லை என்று தெளிவாகச் சொல்லிவிட்டு, தண்டனை பயம் அற்றுப்போன ஒரு சூழ்நிலையை உண்டாக்கியதற்கும், உயிருக்கு உண்மையான, உடனடியான ஆபத்து இருந்ததை உணர்ந்து தடுக்கத் தவறியதற்கும் அரசே பொறுப்பேற்க வேண்டுமென்று தீர்மானித்தது. வழக்கு நடந்துகொண்டிருக்கையில் இத்தகைய விசாரணை கூடாது என்று வழக்கறிஞர்களான நம்மில் பலர் எழுப்பும் ஆக்ஷேபத்துக்கு இந்த அறிக்கையே போதிய சமாதானம் என்பது நமது கருத்து.

எல்லாவற்றிலும் நம்மை அதிகமாக உறுத்தவேண்டியது வேறொன்று. டாஃப்னி மாண்டபோது அவர்மீது நாற்பதுக்கும் மேற்பட்ட அவதூறு வழக்குகள் நிலுவையில் இருந்தன. ஒரே விவகாரத்துக்காக வேறொரு வணிகர் மட்டும் 19 வழக்குகள் தொடுத்திருந்தார். மந்திரி ஒருவரும் அவருடைய உதவியாளரும் தொடுத்த வழக்குகளில் டாஃப்னியின் வங்கிக் கணக்குகள் 2017 பிப்ரவரியில் முடக்கப்பட்டன. சாவுக்குப் பின்னும், தாமே வழக்கறிஞரான கணவர்மீதும் புதல்வர்மீதும் சிவில் வழக்குகள் பல தொடர்ந்தன. அந்த மனுக்கள் ஒவ்வொன்றையும் எழுதிக் கையொப்பமிட்டுத் தாக்கல் செய்தவர் நமது தொழிலைச் சேர்ந்த ஒருவரே. கட்சிக்காரரின் உரிமையைக் காப்பது நமது தர்மம்தான். ஆனால் வெற்றியை நாடாமல் பிரதிவாதியின் பணத்தையும் காலத்தையும் கரைப்பதையே நோக்கமாகக் கொண்ட வழக்கு, உரிமையைக் காக்கும் வழக்கு ஆகாது.

இத்தகைய வழக்குகளைத் தொடக்கத்திலேயே தள்ளுபடி செய்ய வழிவகுக்கும் கட்டளையை ஐரோப்பிய ஒன்றியம் 2024இல் நிறைவேற்றியது. டாஃப்னி சட்டம் என்றே அதை அழைக்கிறார்கள். ஆனால் அது எல்லை கடந்த வழக்குகளுக்கு மட்டுமே பொருந்துவதால், ஒரு நாட்டு மந்திரி தம் நாட்டுப் பத்திரிகையாளர்மீது உள்ளூரில் தொடுக்கும் வழக்கை அந்தந்த நாட்டுச் சட்டத்துக்கும் வழக்கறிஞரின் மனச்சாட்சிக்குமே விட்டுவிடுகிறது. ஆகவே, ஒரே பிரசுரத்தின்பேரில் பல வழக்குகள் தொடுக்கும் வழக்கறிஞர், அவற்றை ஒன்றாகத் தொடுக்காததன் காரணத்தை மனுவிலேயே விளக்கவேண்டும் என்ற நடத்தை விதியை நமது சங்கங்கள் தாமே முன்வந்து பரிசீலிக்கவேண்டுமென்று கேட்டுக்கொள்கிறோம்.