மலை ஏறிய ஆபீசு, மலை இறங்கும் மனு

நிர்வாகச் சீர்திருத்தம் என்ற பேச்சு நம் காதில் விழத் தொடங்கி அறுபது வருசம் ஆகப்போகிறது. 1966இல் மொரார்ஜி தேசாய் தலைமையில் முதல் ஆணையம். 2005இல் வீரப்ப மொய்லி தலைமையில் இரண்டாவது ஆணையம், 15 அறிக்கைகள். குடிமக்களை மையமாக வைத்த நிர்வாகம் என்று ஓர் அறிக்கைக்குத் தலைப்பே உண்டு. நல்லது. ஆனால் எந்தக் குடிமக்கள்? ஊர்க் குடிமக்களா, சேரிக் குடிமக்களா, மலைக் குடிமக்களா? இதைக் கேட்காமல் பேசுகிற சீர்திருத்தம் எல்லாம் பழைய நாற்காலிக்குப் புது வார்னிஷ் அடிக்கிற வேலைதான் என்பது என் கட்சி.

தோழர்களே, பெரக்கரை நாட்டிலிருந்து பார்ப்போம். கொல்லிமலையில் உள்ள 14 நாடுகளில் அதுவும் ஒன்று. அரசுக் கணக்கில் ஓர் ஊராட்சி. மலையாளிப் பழங்குடி மக்களின் மண். நான் கீழ்நாட்டுச் சேரியில் பிறந்தவன். மலைப் பிள்ளைகளின் கல்லூரிச் சேர்க்கைக்காக அந்த மலைக்குப் போய்வருகிறவன். அங்கே போனால் எல்லாப் பேச்சும் கடைசியில் ஒரே காகிதத்தில் வந்து நிற்கும். சாதிச் சான்றிதழ்.

நமக்கு, அதாவது ஆதிதிராவிடருக்கு, வட்டாட்சியர் கையெழுத்துப் போதும். பழங்குடிக்குப் போதாது. 1989 நவம்பர் 11இல் போட்ட அரசாணையால் அந்த அதிகாரம் வட்டாட்சியரிடமிருந்து கோட்டாட்சியருக்குப் போனது. இன்று கொல்லிமலை தனி வட்டம். மலைமேலேயே வட்டாட்சியர் உட்கார்ந்திருக்கிறார். அவரைச் சுற்றி இருப்பவர்களில் பெரும்பாலோர் பழங்குடிகள். அவர்களுக்கு அதிகம் தேவைப்படுகிற அந்த ஒரு காகிதத்தில் கையெழுத்துப் போட மட்டும் அவருக்கு அதிகாரம் இல்லை. கையெழுத்து கீழே நாமக்கல்லில் இருக்கிறது. ஆபீசு மலை ஏறிடுச்சு, அதிகாரம் ஏறலை.

இதற்கு அவர்கள் சொல்லும் காரணம் போலிச் சான்றிதழ். போலி நடந்தது உண்மைதான். பழங்குடி அல்லாதவர்கள் பழங்குடிப் பெயரில் வேலைக்கும் கல்லூரிக்கும் போன வழக்குகள் நாடு முழுக்க உண்டு. 1994இல் மாதுரி பாட்டீல் வழக்கில் உச்சநீதிமன்றம் சரிபார்ப்புக் குழுக்கள் அமைக்கச் சொன்னதும் அதனால்தான். ஆனால் திருடினவன் யாரோ, சோதனை மட்டும் பறிகொடுத்தவன் வீட்டிலா? பெரக்கரை நாட்டுப் பிள்ளை யார் என்பது அரசுக்குத் தெரியாதா? ஊர்ப் பள்ளிப் பதிவேடு அரசிடம், நிலக் கணக்கு அரசிடம், மக்கள்தொகைக் கணக்கெடுப்பு அரசிடம். எல்லா ஆதாரத்தையும் பூட்டி வைத்துக்கொண்டு, 'உங்கப்பனுக்குச் சர்டிபிகேட் இருக்கா?' என்று முதல் தலைமுறையாகப் படிக்க வரும் பிள்ளையைக் கேட்பது விசாரணை இல்லை, விரட்டல்.

இ-சேவை வந்துவிட்டதே என்பார்கள். வந்தது, நான் அதை இகழவில்லை. மனு எந்த மேசையில் தூங்குகிறது என்று இப்போது கணினியிலேயே பார்க்கலாம். ஆனால் முன்பு காகிதம் ஏறிய அதே படிகளில்தான் இப்போது மின்மனு ஏறுகிறது. கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர், வட்டாட்சியர், கோட்டாட்சியர். படியைக் குறைக்காமல் வேகத்தைக் கூட்டுகிறேன் என்றால் என்ன அர்த்தம்? மத்தியப் பிரதேசம் 2010இலேயே, பீகார் 2011இல், குறித்த நாளில் சேவை தராத அலுவலருக்கு அபராதம் என்று சட்டம் போட்டன. சமூகநீதி மண் என்று மார்தட்டும் தமிழ்நாட்டில் 2024 முடியும் வரை அப்படி ஒரு சட்டம் நிறைவேறவில்லை.

நிர்வாகம் என்பது நமக்குப் புதிய விசயமும் இல்லை. 1893இல் ஐ.சி.எஸ். தேர்வை இந்தியாவிலும் நடத்து என்று காங்கிரஸ் கேட்டபோது, இரட்டைமலை சீனிவாசன் 3412 பேர் கையெழுத்தோடு பிரிட்டிஷ் பாராளுமன்றத்துக்கு எதிர்மனு அனுப்பினார். 'தேசத்துரோகம்' என்று சிலருக்குத் தோன்றலாம். அவர் கேட்டது ஒன்றுதான்: சாதி இந்து அதிகாரியின் கையில் எங்கள் சனம் சிக்கினால் எங்களுக்கு யார் கதி? 1943இல் அம்பேத்கர் வைசிராய் நிர்வாகக் குழுவில் இருந்தபோது மத்திய அரசுப் பணிகளில் 8.33 சதவீத இடஒதுக்கீடு வந்தது. அந்தக் கேள்விக்குக் கிடைத்த ஒரு பதில் அது.

இன்னொரு பதில் நம் கண் முன்னாலேயே நடந்தது. 1980 நவம்பரில் எம்.ஜி.ஆர். அரசு பரம்பரைக் கர்ணம், மணியக்காரர் பதவிகளை ஒழித்தது. தேர்வாணையம் வழியாகக் கிராம நிர்வாக அலுவலர்கள் வந்தார்கள். ஒழிக்கப்பட்டவர்கள் உச்சநீதிமன்றம் வரை போனார்கள், 1982இல் தோற்றார்கள். எங்க அப்பா காலத்தில் ஊர்க் கணக்கு கர்ணம் வீட்டுத் திண்ணையில் இருந்தது. அந்தத் திண்ணையில் நாம் ஏற முடியாது. தெருவில் நின்று கைகட்டித்தான் கேட்க வேண்டும். அந்தக் கணக்கு, சாதி பார்த்துத் திறக்கும் வீட்டை விட்டு வெளியே வந்ததே, அதுதான் சீர்திருத்தம். ஒரு கம்ப்யூட்டரும் இல்லாமல் நடந்த சீர்திருத்தம்.

இப்போது நவீனம் என்ற பெயரில் நடப்பது நேர் எதிர்த் திசை. மேலே, 2024 ஆகஸ்டில் மத்திய அரசின் 45 உயர் பதவிகளுக்கு இடஒதுக்கீடே இல்லாமல் நேரடி நியமனம் என்று தேர்வாணையம் விளம்பரம் செய்தது. எதிர்ப்பு கிளம்பியதும் சில நாளில் திரும்பப் பெற்றார்கள். கீழே, 2025 ஆகஸ்டில் சென்னை ரிப்பன் மாளிகை முன்னால் தனியார்மயத்தை எதிர்த்து உட்கார்ந்த தூய்மைப் பணியாளர்களை நள்ளிரவில் அப்புறப்படுத்தினார்கள். தலையில் நிபுணர், காலில் காண்டிராக்ட். இரண்டு இடத்திலும் வெட்டுப்படுவது ஒன்றுதான், இடஒதுக்கீடு. நாம் நுழைந்த பிறகுதான் அவர்களுக்கு அரசு வேலை 'சுமை'யாகத் தெரிகிறது.

தமிழ்நாட்டில் பழங்குடிக்கு ஒதுக்கியது 1 சதவீதம். அந்த ஒன்றையும் அடைய இந்தச் சான்றிதழ் வேண்டும். அது தாமதமானால் இடம் போகும், உதவித்தொகை போகும், பிள்ளை மரவள்ளிக் காட்டுக்கோ கீழே கூலிக்கோ போகும். ஐந்தாவது அட்டவணைப் பகுதி தமிழ்நாட்டில் ஒன்றுகூட இல்லை. அதனால் பழங்குடிக் கிராம சபைக்கு அதிகாரம் தரும் 1996ஆம் வருசச் சட்டமும் இந்த மலைக்கு ஏறவில்லை.

ஆகவே நம் கோரிக்கைகள். பழங்குடிகள் பெரும்பான்மையாக வாழும் வட்டத்தில் சான்றிதழ் தரும் அதிகாரத்தை அங்குள்ள வட்டாட்சியருக்கே கொடு. இல்லையென்றால் கோட்டாட்சியர் மாதம் ஒரு நாள் மலைக்கு வந்து கையெழுத்துப் போடட்டும். ஊராட்சியில், மக்கள் முன்னிலையில் விசாரணை நடத்து. நிரூபிக்கும் பொறுப்பைப் பிள்ளை தலையில் வைக்காதே; சந்தேகம் உள்ளவர் காரணத்தை எழுத்தில் கொடுக்கட்டும். நாள் கணக்கைச் சட்டமாக்கு, தவறினால் அபராதம் போடு.

மாணவத் தோழர்களுக்கு உடனே செய்யக்கூடிய வேலை இரண்டு உண்டு. 2005 தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு போடுங்கள்: எத்தனை பழங்குடிச் சான்றிதழ் மனுக்கள், எத்தனை நாளாக, எந்த மேசையில்? கிடைக்கும் எண்களை மலை மக்களிடம் கொண்டுபோய் வாசித்துக் காட்டுங்கள். அடுத்த கிராம சபையில், பெரக்கரை நாட்டில் மட்டுமில்லை, 14 நாட்டிலும் இந்தக் கோரிக்கைகளைத் தீர்மானமாக எழுத வையுங்கள். சேரிக்காரனுக்கு மலைக்காரன் பிரச்சினையில் என்ன வேலை என்று கேட்பவர்கள் இருப்பார்கள். திண்ணைக்குக் கீழே நின்றவனுக்குத்தான் தெரியும் கவுண்டருக்கு வெளியே நிற்பவன் கால்வலி.