போய்க் கேட்டால் என்ன நஷ்டம்?

நம் நகர் நலச்சங்கத்தின் செயற்குழு எடுத்த முடிவைப் புதிதாக விளக்க வேண்டியதில்லை. சுற்றறிக்கை எல்லா வீட்டுக் கதவிடுக்கிலும் வந்து விழுந்துவிட்டது. வாட்ஸ்அப் குழுவில் அதைப் பற்றிய சண்டையும் இன்னும் ஓயவில்லை. விடுமுறைத் திட்டம் விற்கும் ஒரு நிறுவனம் வருகிற ஞாயிறு மாலை நமது சமுதாயக் கூடத்தில் ‘அறிமுக நிகழ்ச்சி’ நடத்துகிறது. தம்பதியாக வரும் ஒவ்வொரு வீட்டாருக்கும் மூன்று பகல், இரண்டு இரவு ரிசார்ட்டில் இலவசமாகத் தங்கக் கூப்பன் கிடைக்கும். டிபன், காபியும் உண்டு. இது எதற்கு என்று கேட்ட உறுப்பினர்களுக்கு நிர்வாகிகள் தந்த பதில் ஒன்றே ஒன்றுதான்: “வாங்கச் சொல்லி யாரும் கட்டாயப்படுத்தவில்லை. போய்க் கேட்டால் என்ன நஷ்டம்?”

நஷ்டம் உண்டு. அது அந்தக் கூடத்துக்குள் காலெடுத்து வைக்கும்போதே தொடங்கிவிடுகிறது. இதை அறியாமல் கூடத்தைக் கொடுத்திருந்தால் அது பொறுப்பின்மை. அறிந்தே கொடுத்திருந்தால் அதற்கு வேறு பெயர்.

முன்பின் தெரியாத ஒருவருக்கு ஒரு நிறுவனம் ஏன் இரண்டு இரவுத் தங்கலைச் சும்மா தர வேண்டும்? வந்து உட்காருகிறவர்களில் பெரும்பாலானவர்கள் வாங்க மாட்டார்கள் என்பது அவர்களுக்கும் தெரியும். வாங்கும் ஒரு சிலர் கட்டும் பணத்தில்தான் எல்லோருடைய கூப்பனும் டிபனும், விற்பனையாளர்களின் கமிஷனும், நம் சங்கத்துக்கு வரும் வாடகையும் அடங்கியிருக்கின்றன. அந்த ஒரு சிலரைப் பிடிக்கத்தான் மற்றவர்களுக்கும் அழைப்பு. ஆகவே ‘நான் வாங்கப் போவதில்லை, கூப்பனை மட்டும் வாங்கிக்கொண்டு வந்துவிடுவேன்’ என்று கிளம்புகிறவர்கள் ஒன்றை நினைவில் வைத்துக்கொள்ளட்டும்: அவர்களுக்குக் கிடைக்கும் கூப்பனின் செலவை அதே கூடத்தில் கையெழுத்துப் போட்ட பக்கத்து வீட்டு ஓய்வூதியர்தான் கட்டுகிறார்.

கூடத்துக்குள் என்ன நடக்கிறது என்பதைக் கொஞ்சம் நெருங்கிப் பார்ப்போம். நிர்வாகிகள் பார்க்கவில்லை, நாமாவது பார்ப்போம்.

வாசலில் ஒரு படிவம் நீட்டுவார்கள். பெயர், வயது, சொந்த வீடா வாடகையா, கார் உண்டா, கிரெடிட் கார்டு எந்த வங்கி, மாத வருமானம் எவ்வளவு என்று வரிசையாகக் கட்டங்கள். இரண்டு இரவு தங்குவதற்கு எந்த லாட்ஜிலும் கேட்காத கேள்விகள் இவை. படிவம் நிரம்பும்போதே யாரை எந்த மேஜைக்கு அனுப்பலாம், எத்தனை லட்சம் வரை கேட்டுப் பார்க்கலாம் என்பது முடிவாகிவிடுகிறது.

கணவனும் மனைவியும் சேர்ந்தே வர வேண்டும் என்பது கண்டிப்பான நிபந்தனை. ஒருவர் மட்டும் போனால் கூப்பன் கிடையாது. குடும்பத்தின் மீதுள்ள அக்கறையால் வந்த நிபந்தனை இல்லை இது. நம் வீடுகளில் எந்த விற்பனையாளரையும் மரியாதையாக அனுப்பிவைக்க ஒரு வாக்கியம் இருக்கிறது: “வீட்டில் கேட்டுச் சொல்கிறேன்.” இருவரையும் ஒரே மேஜையில் உட்காரவைத்துவிட்டால் அந்த வாக்கியம் செல்லாது. ‘வீடு’தான் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறதே!

தொண்ணூறு நிமிடம் என்று சொல்லி அழைப்பார்கள்; மூன்று மணி நேரம் ஓடிவிடும். பாட்டுச் சத்தம், திரையில் மூணாறு, கொடைக்கானல், கோவா. நடுநடுவே ஒலிபெருக்கியில், இன்னார் குடும்பம் உறுப்பினராகிவிட்டது என்று அறிவிப்பு வரும், கைதட்டல் எழும். பிறகு லேமினேட் செய்த விலைப்பட்டியல் மேஜைக்கு வரும். நாம் தயங்கினால் ‘மேனேஜர்’ ஒருவர் வந்து உட்கார்ந்து, பட்டியலில் உள்ள தொகையைப் பால்பாயின்ட் பேனாவால் அடித்துவிட்டு, கீழே ஒரு லட்சம் குறைவாக எழுதுவார். “சார், உங்களுக்காக மேலே பேசிவிட்டேன். ஆனால் இந்த ரேட் இன்றைக்கு மட்டும்தான். மேடம், நீங்களாவது சொல்லுங்கள்.” கார்டு தேய்க்கும் இயந்திரம் தயாராகக் காத்திருக்கும். கூப்பன் தரும் கவுண்டரோ இந்த மேஜைகளையெல்லாம் தாண்டிக் கடைசியில் இருக்கும்.

நமது கோபமெல்லாம் அந்த ‘இன்றைக்கு மட்டும்’ மீதுதான். நான்கு லட்ச ரூபாய்க்கு இருபத்தைந்து வருட ஒப்பந்தம். அதை வீட்டுக்கு எடுத்துப் போய்ப் படிக்க ஓர் இரவு தரமாட்டார்கள். மகனிடமோ மருமகளிடமோ கேட்க நேரம் தரமாட்டார்கள். பெண் பார்க்கப் போன இடத்தில் அன்றைக்கே தாலியைக் கட்டு என்றால் எந்தப் பெற்றோர் சம்மதிப்பார்கள்? நல்ல திட்டம் என்றால் அது திங்கட்கிழமையும் நல்ல திட்டமாகத்தானே இருக்கும்? ஞாயிறு இரவுக்குள் முடிக்க வேண்டும் என்று அவசரப்படுத்துவதற்குக் காரணம் வேறு இல்லை. திங்கட்கிழமை காலை காபி குடித்தபடி கணக்குப் போட்டுப் பார்க்கிறவர் வாங்க மாட்டார்.

அந்தக் கணக்கை நாமே போடுவோம். விலை நான்கு லட்சம், வருடத்துக்கு ஏழு இரவு, 25 வருடம் என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 175 இரவுகள். கூடத்தில் வகுத்துக் காட்டுவார்கள்: ஓர் இரவுக்கு 2,286 ரூபாய்தான், எந்த நல்ல ஹோட்டலில் இந்த விலைக்கு அறை கிடைக்கும்? அவர்கள் விட்டுவிடுவதையும் சேர்ப்போம். வருடாந்திரப் பராமரிப்புக் கட்டணம் 18,000 ரூபாய் என்று கொண்டால், அது மட்டுமே ஓர் இரவுக்கு 2,571. அதே நான்கு லட்சத்தை வங்கியில் 7 சதவீத வட்டிக்குப் போட்டிருந்தால் வருடம் 28,000 வந்திருக்கும். ஓர் இரவுக்கு 4,000. ஆக, இரண்டும் சேர்ந்து 6,571. விலை மீதான 18 சதவீத ஜிஎஸ்டி இதில் இல்லை. சாப்பாடும் ரயில் டிக்கெட்டும் இல்லை. தவணையில் வாங்கினால் அதற்கான வட்டி வேறு. பராமரிப்புக் கட்டணம் ஏறுமே தவிர இறங்காது. ஒரு வருடம் முழங்கால் வலி வந்து எங்கும் போகாவிட்டாலும் அதைக் கட்டத்தான் வேண்டும். 25 வருடம் கழித்து வங்கியில் போட்டவர் கையில் நான்கு லட்சம் அப்படியே இருக்கும். உறுப்பினரின் கையில் காலாவதியான அட்டை இருக்கும். இடையில் விற்றுவிடலாம் என்றால் வாங்க ஆள் கிடைப்பது கஷ்டம். இந்த வியாபாரம் பெரிதாக வேர்விட்ட அமெரிக்காவிலேயே, ஆயிரக்கணக்கான டாலர் கொடுத்து வாங்கியதை, பராமரிப்புக் கட்டணத்திலிருந்து தப்பித்தால் போதும் என்று ஒரு டாலருக்கு விற்க முன்வருகிறவர்கள் இருக்கிறார்கள்.

சரி, கையெழுத்துப் போடாமல் தப்பித்து, கூப்பனோடு வீடு வந்தவரின் கதை என்ன? கூப்பனின் பின்பக்கத்தைப் பாருங்கள். பொடி எழுத்தில் இருக்கும்: தங்கல் மட்டுமே, உணவும் பயணமும் தனி, ‘சேவைக் கட்டணம்’ முன்கூட்டியே கட்ட வேண்டும், பல வாரங்களுக்கு முன் பதிவு செய்ய வேண்டும், அறை இருந்தால் மட்டுமே, பொங்கல், தீபாவளி, மே மாத விடுமுறை நாட்களில் செல்லாது. பள்ளிப் பிள்ளைகள் உள்ள குடும்பத்துக்கு ஊர் போக வாய்க்கும் நாட்கள் அவைதான்! எத்தனை வீட்டு அலமாரிகளில் இத்தகைய கூப்பன்கள் தேதி கடந்து கிடக்கின்றன என்று நிர்வாகிகள் விசாரித்திருக்கலாம். தங்கள் வீட்டு அலமாரியிலிருந்தே தொடங்கியிருக்கலாம்.

சட்டம் இருக்கிறதே என்கிறார்கள். ஐரோப்பிய ஒன்றியத்தின் 2008ஆம் ஆண்டு விதிப்படி, ‘டைம்ஷேர்’ எனப்படும் இத்தகைய விடுமுறைத் திட்ட ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டவர் 14 நாட்களுக்குள் காரணம் சொல்லாமல் விலகலாம். அந்த 14 நாட்களுக்குள் அவரிடம் ஒரு பைசா முன்பணமும் வாங்கக் கூடாது. அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் 10 நாள் அவகாசம் உண்டு. அங்கெல்லாம் ‘இன்றைக்கு மட்டும்’ வித்தை எப்படி வேலை செய்கிறது என்று பார்த்தபிறகுதான் இந்த விதிகளை எழுதினார்கள். இங்கே டைம்ஷேருக்கென்று தனிச் சட்டமே கிடையாது. மனம் மாறினால் என்ன ஆகும் என்பதை அந்தந்த நிறுவனத்தின் ஒப்பந்தம்தான் சொல்லும். அதைத்தான் கூடத்தில் படிக்க விடுவதில்லையே! 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், செலவை வேறெங்கோ ஏற்றிவிட்டு இலவசம் போலக் காட்டுவதை முறையற்ற வணிகம் என்கிறது. 2023இல் வந்த வழிகாட்டு நெறிகள், இணையதளங்களில் பொய்யான அவசரத்தைக் காட்டி வாங்கவைப்பதைத் தடை செய்கின்றன. செல்போன் திரையில் செய்யக் கூடாது என்று அரசு சொன்ன வேலையை, நேருக்கு நேர், நம் பணத்தில் வாங்கிய நாற்காலிகளில் உட்காரவைத்துச் செய்ய நம் சங்கம் இடம் கொடுக்கிறது.

எல்லா நிறுவனமும் ஏமாற்றுகிறது என்று நாம் சொல்லவில்லை. வருடா வருடம் தவறாமல் குடும்பத்தோடு கிளம்புகிற, தேதியை முன்பே திட்டமிடுகிற சிலருக்கு இத்தகைய திட்டம் பொருந்தலாம். அவர்கள் நிறுவனத்தைத் தேடிப்போய் வாங்கிக்கொள்ளட்டும். ஆனால் இதே விடுமுறைத் திட்டம் என்ற பெயரில் வசூல் நடத்திய பான்கார்டு கிளப்ஸ் நிறுவனத்தின் மீது செபி உத்தரவு போட்டபோது, அது 50 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களிடமிருந்து 7,000 கோடி ரூபாய்க்கு மேல் திரட்டியிருந்தது. உத்தரவு வந்தது 2016இல். நம் செயற்குழுவில் செய்தித்தாள் படிக்கிறவர் ஒருவர்கூடவா இல்லை?

படித்தாலும் பயனில்லை என்பதைத்தான் இவர்களின் பழைய சாதனைகள் காட்டுகின்றன. ‘இலவசத் தண்ணீர்ப் பரிசோதனை முகாம்’ நினைவிருக்கிறதா? கண்ணாடி டம்ளரில் கம்பியை விட்டு, தண்ணீரைக் காவி நிறமாக்கிக் காட்டி, பயந்துபோன வீடுகளுக்கெல்லாம் வடிகட்டும் இயந்திரத்தை விற்றார்கள். அந்த மின்கம்பி வித்தை எந்தக் குழாய்த் தண்ணீரையும் காவியாக்கும் என்று ஒரு கல்லூரி மாணவர் பிறகு குழுவில் எழுதினார். நிர்வாகிகள் அவரைக் குழுவிலிருந்து நீக்கினார்களே தவிர, பதில் சொல்லவில்லை. அதன்பின் ‘இலவச மருத்துவ முகாம்’. ரத்த அழுத்தம் பார்த்த கையோடு காப்பீட்டுப் பாலிசிக்குக் கையெழுத்து. அதற்கும் இதே சமுதாயக் கூடம், இதே பதில்: கேட்டால் என்ன நஷ்டம்? இரண்டு முகாம்களிலும் எழுதிக் கொடுத்த செல்போன் எண்களுக்கு இன்றைக்கும் மத்தியானத் தூக்கத்தில் அழைப்பு வருகிறது.

சங்கத்துக்கு வாடகை வருகிறதே என்று பொருளாளர் தரப்பு சமாதானம் சொல்கிறது. அந்த வாடகை எங்கே போயிற்று? கூடத்தின் மின்விசிறிகளில் பாதி சுற்றுவதில்லை. தெருவிளக்குப் பற்றிக் கேட்டால் நிதி இல்லை. மழைநீர் வடிகாலைத் தூர்வாரச் சொன்னால் மாநகராட்சியைக் கேளுங்கள். வேலை என்றால் அதிகாரமில்லை, வாடகை என்றால் முழு அதிகாரம்! உறுப்பினர் பட்டியல் அந்த நிறுவனத்தின் கைக்கு எப்படிப் போயிற்று என்ற கேள்விக்கு இன்றுவரை மௌனம். சுற்றறிக்கை வருவதற்கு இரண்டு நாள் முன்பே, வீட்டு எண்ணைச் சொல்லி, பெயரைச் சொல்லி, “அங்கிள், ஆன்ட்டியையும் கூட்டிக்கொண்டு வந்துவிடுங்கள்” என்று போன் வந்ததே, அந்த எண்களை யார் கொடுத்தார்கள்? வயதானவர்கள் மட்டும் வசிக்கும் வீடுகளுக்கு முதலில் போன் போனது தற்செயலா?

நம் நகரில் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர்கள் கணிசமாக இருக்கிறார்கள். பிஎஃப் பணமும் கிராஜுவிட்டியும் வங்கியில் கிடக்கின்றன. பிள்ளைகள் வெளியூரில் இருக்கிறார்கள். ஞாயிறு மாலையில் யாராவது நாற்காலி போட்டு, காபி கொடுத்து, மரியாதையாகப் பேசினால் எழுந்து வர மனம் வராதவர்கள் அவர்கள். சங்கம் கூப்பிடுகிறது என்ற ஒரே நம்பிக்கையில் போவார்கள். அந்த நிறுவனம் வாடகைக்கு எடுத்தது கூடத்தை அல்ல, அந்த நம்பிக்கையை. அதை விற்க நிர்வாகிகளுக்கு யாரும் ஓட்டுப் போடவில்லை.

ஞாயிறு நிகழ்ச்சி நிற்க வேண்டும். நின்றாலும் விவகாரம் அதோடு முடியக் கூடாது. கூடத்தை யாருக்கு, எதற்காகக் கொடுப்பது என்பதில் ஓர் ஒழுங்கு வர வேண்டும். உறுப்பினர்களின் விவரங்களுக்குப் பொறுப்பேற்க யாராவது முன்வர வேண்டும். பொதுக்குழுவில் தயிர்சாதப் பொட்டலம் வாங்கிக்கொண்டு கைதூக்கிவிட்டு வரும் பழக்கத்தை நாமும் விட வேண்டும். போய்க் கேட்டால் நஷ்டமில்லை என்கிற நிர்வாகிகள், பொதுக்குழுவில் நாம் கேட்கப்போகும் கேள்விகளுக்கு வந்து பதில் சொல்லட்டும். அதில் அவர்களுக்கும் நஷ்டமில்லை. கூப்பன் மட்டும் கிடைக்காது.