அனுப்பியாச்சு... ஆனா, போய்ச் சேரலை!

எங்க டிபார்ட்மென்ட் சிம்போசியத்தில் அடியேன் ஒரு பெரிய பல்பு வாங்கினேன். அதோட வெளிச்சம் உங்களுக்கும் கொஞ்சம் பயன்படட்டுமேன்னு இந்த வாரம் அந்தக் கதை!

ரெஜிஸ்டர் செய்த எல்லோருக்கும் மெயில் அனுப்புவது என் பொறுப்பு. பைத்தானில் ஒரு ஸ்கிரிப்ட் எழுதி, 'பேப்பர் பிரசன்டேஷன் காலை 11 மணிக்கு' என்று முதல் மெயிலைத் தட்டிவிட்டேன். கச்சிதமாகப் போனது. ரெண்டு நாள் முன்னாடி, நேரத்தை 9 மணிக்கு மாற்றிவிட்டார் ஹெச்.ஓ.டி. சோம்பேறித்தனத்தில் பழைய மெயிலையே எடுத்து, சப்ஜெக்ட்டையும் நேரத்தையும் மட்டும் மாற்றி மறுபடி அனுப்பினேன். எல்லா அட்ரஸுக்கும் '250' என்று பதில் வந்தது. மெயில் சர்வர் பாஷையில் அதற்கு, 'ஓகே, வாங்கிக்கிட்டேன்' என்று அர்த்தம். காலரைத் தூக்கிவிட்டுக்கிட்டு தூங்கப் போயிட்டேன்.

சிம்போசியம் அன்று பத்தரை மணிக்கு, தேனியில் இருந்து நைட் பஸ் பிடித்து வந்த ஒரு தம்பி, ''எந்த ரூம்ண்ணா?'' என்றான். ரவுண்டே முடிந்திருந்தது. ''ரெண்டாவது மெயில் எனக்கு வரவே இல்லைண்ணா...'' என்றவனிடம், ''ஸ்பாம்ல கிடக்கும், ஒழுங்காப் பாருடா!'' என்று எகிறினேன். அவன் எதுவும் பேசாமல் போனை நீட்டினான். ஸ்பாமிலும் இல்லை!

அன்று ராத்திரி ஹாஸ்டலில் உட்கார்ந்து நோண்ட ஆரம்பித்தேன். ஒவ்வொருத்தரிடமாக விசாரித்தால், மெயில் வராதவர்கள் எல்லோரும் ஒரே மெயில் சர்வீஸ். அதில் பாதிப் பேர் வாட்ஸ்அப் குரூப்பைப் பார்த்துத் தப்பித்திருக்கிறார்கள். எங்க காலேஜ் மெயிலில் மட்டும் ரெண்டுமே இருந்தது. ரெண்டின் முழு ஹெடரையும் திறந்து பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். தேதி வேற, சப்ஜெக்ட் வேற. ஆனால், மெசேஜ்-ஐடி மட்டும் ஒரு எழுத்துகூட மாறாமல் அதே!

அது என்ன ஐடி? ஒவ்வொரு மெயிலுக்கும் ஒரு ரிஜிஸ்டர் நம்பர் மாதிரி. நடுவில் '@' போட்டு, பார்க்க மெயில் அட்ரஸ் போலவே இருக்கும். உலகத்தில் வேறு எந்த மெயிலுக்கும் அது வரக் கூடாது என்பது 1982-ல் வந்த ஆர்.எஃப்.சி. 822 காலத்திலேயே சொல்லப்பட்ட விதி. 2008-ன் ஆர்.எஃப்.சி. 5322-ம் அதையேதான் சொல்கிறது.

ஹாஸ்டல் மெஸ்ஸை நினைச்சுக்கோங்க. ஒரே டோக்கன் நம்பரோடு ரெண்டு பேர் போனால், ''இந்த நம்பர் சாப்பிட்டாச்சு, கிளம்பு''ன்னு மெஸ் அண்ணன் துரத்துவார்ல? அதேதான். சைரஸ் ஐமேப் என்ற மெயில் சர்வரில் இதற்கென்றே 'டூப்ளிகேட் சப்ரஷன்' வசதி உண்டு. ஒரு மெயில்பாக்ஸுக்கு ஏற்கெனவே வந்த ஐடி திரும்ப வந்தால், அந்த மெயிலை உள்ளே போடாது. உள்ளே என்ன எழுதியிருக்கு என்பதைப் பார்ப்பதும் இல்லை. அனுப்பினவருக்கு 'பவுன்ஸ்' மெயிலும் வராது. அதனால்தான் என் லாக் ஃபைலில் எல்லாமே பச்சை!

ஸோ பாஸ், ஸ்கிரிப்ட் எழுதும்போது ஐடி-யை கையால் டைப் பண்ணாதீங்க, பழைய மெயிலில் இருந்து காப்பியும் அடிக்காதீங்க. பைத்தானில் அதை உருவாக்க ரெடிமேட் ஃபங்ஷனே இருக்கு. அதை லூப்புக்கு வெளியே வெச்சுட்டு 'ஏன் வேலை செய்யலை'ன்னு முழிக்காதீங்க. ஆனால், நெட் கட்டாகி அதே மெயிலை மறுபடி அனுப்பினால், பழைய ஐடி-யே இருக்கட்டும். ரெண்டு தடவை வராமல் காப்பாற்றுவதே அதுதான். டெஸ்ட் செய்யும்போது நாலு வேறு மெயில் சர்வீஸில் பாருங்க. முக்கியமா, ஒரே அட்ரஸுக்கு ரெண்டு வேறு மெயில் அனுப்பிப் பாருங்க. நான் ஒண்ணே ஒண்ணு அனுப்பிப் பார்த்துட்டு நிறுத்திட்டேன்!

250 என்றால் 'வாங்கிக்கிட்டேன்'தான். 'கொடுத்துட்டேன்' இல்லை. இது புரிந்ததும் தேனி தம்பிக்குப் போன் போட்டு, ''தப்பு என்னோடதுடா, ஸாரி'' என்றேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.

''பரவாயில்லைண்ணா... அடுத்த வருஷமும் வருவேன். ஆனா, டைமை மட்டும் போன்ல சொல்லிடுங்க!''