வேட்டைக்காரன் சப்பாத்தும் கமக்காரன் காலும்

சென்ற வாரம் வகுப்பிலே மாணவன் ஒருவன் எம்மிடம் ஒரு வினா விடுத்தான். அமெரிக்க நாட்டு மான் வேட்டைக் காட்சி ஒன்றை அவன் படத்திலே பார்த்திருக்கிறான். அதில் வேட்டைக்காரர் முழங்கால்வரை உயர்ந்த றப்பர் சப்பாத்து அணிந்து நிற்கின்றார். "ஐயா, வேட்டைக்காரருக்குத் தோற் செருப்பல்லவா உரியது? கண்ணப்ப நாயனாரும் செருப்புக் காலுடன்தானே மலையேறினார்? இவருக்கு றப்பர் எதற்கு?" என்றான். நல்ல கேள்வி. அன்று வகுப்பிற் கூறிய விடையை இங்கே சற்று விரித்துக் கூறுவோம்.

மானுக்குக் காவல் அதன் மூக்கு. மனித வாடை எட்டினால் அது கணமும் தரியாது. தோலும் துணியும் வியர்வையை உறிஞ்சி, நடக்கும் வழியெல்லாம் வாடையை விட்டுச் செல்லும். றப்பரோ வாடையை அவ்வளவு எளிதில் ஏற்பதில்லை. ஆகவேதான் தேர்ந்த வேட்டைக்காரர் அச்சப்பாத்தைச் சமையல் மணமும் பெற்றோல் மணமும் படாத இடத்தில் வைத்து, காட்டின் ஓரத்தை அடைந்த பின்னரே அணிவர்.

இரண்டாவது காரணம் ஈரம். அங்கே மான் வேட்டைக் காலம் பெரும்பாலும் இலையுதிர் காலத்திலும் குளிரின் தொடக்கத்திலும் வருகின்றது. விடியுமுன் பனி படிந்த புல்லிலும் சதுப்பிலும் நடந்து, பின்னர் நெடுநேரம் அசையாது காத்திருக்க வேண்டும். நனைந்த கால் விறைத்துப் போகும்.

மூன்றாவது காரணம் உண்ணி. மானின் உடலில் ஒட்டி வாழும் ஒருவகை உண்ணி, 'லைம்' என்னும் நோயை மனிதருக்குப் பரப்புகின்றது. 1970களின் நடுப்பகுதியில் கனெக்ரிக்கட் மாநிலத்து லைம் என்ற ஊரில் இந்நோய் கவனத்துக்கு வந்ததால் அவ்வூரின் பெயரே நோயின் பெயராயிற்று. புல் நுனியிற் காத்திருக்கும் உண்ணி, கடந்து செல்வோரின் காலைப் பற்றி மேலேறும். காற்சட்டையின் நுனியைச் சப்பாத்துக்குள் செருகிவிட்டால் அதன் வழி பெரிதும் அடைபடும். ஆயினும் வீடு திரும்பியதும் உடலைச் சோதித்துப் பார்த்தல் வேண்டும்.

ஒரு காலத்தில் றப்பர் சப்பாத்து குறையுள்ள பண்டமாயிருந்தது. வெயிலில் இளகி ஒட்டும். குளிரில் இறுகி வெடிக்கும். 1839ஆம் ஆண்டில் அமெரிக்கராகிய சார்ள்ஸ் குட்இயர், றப்பருடன் கந்தகத்தைச் சேர்த்துச் சூடாக்கினால் அக்குறை நீங்கும் எனக் கண்ட பின்னரே அது காலுக்குக் கவசமாயிற்று.

இனி, தெரிவு செய்யும் முறையைப் பார்ப்போம். உடுக்கப்போகும் காலுறையை அணிந்தவாறே சப்பாத்தைப் போட்டுப் பார்க்க வேண்டும். விரல்கள் அசைய இடம் இருத்தல் வேண்டும். நடக்கும்போது குதிக்கால் மேலெழுந்து வழுகுதல் ஆகாது. அடிப்பாகத்தில் ஆழ்ந்த வெட்டுக்கள் இருந்தாற்றான் சேற்றில் பிடிப்பு உண்டாகும். குளிர்நாட்டுச் சப்பாத்துக்களில் 400, 800 என்ற எண்கள் காணப்படும். அவை உள்ளே வைத்த வெப்பக் காப்புப் படையின் ஒரு சதுர மீற்றர் எத்தனை கிராம் நிறை என்பதைக் குறிப்பன. அதிகம் நடப்பவருக்குக் குறைந்த எண்ணே நன்று. அசையாதிருப்பவருக்கு உயர்ந்த எண் வேண்டும்.

பயன்படுத்தும் முறையிலும் கவனம் தேவை. றப்பரினூடே காற்றுப் புகாது. ஆதலால் வியர்வை உள்ளேயே தங்கும். மாற்றுக் காலுறை ஒரு சோடி கையில் இருத்தல் நலம். நனைந்த சப்பாத்தினுள் பழைய பத்திரிகைத் தாளைத் திணித்து நிழலில் உலர்த்த வேண்டும். நெருப்பருகிலும் கடும் வெயிலிலும் வைத்தால் றப்பர் வெடிக்கும். அணியுமுன் கவிழ்த்துத் தட்டுதல் வேண்டும். உள்ளே தேளோ மட்டத்தேளோ குடியிருக்கலாம்.

இவ்வளவும் கேட்ட மாணவன் சிறிது நேரம் பேசாதிருந்தான். பின்பு, "ஐயா, இந்தச் சப்பாத்து வயலுக்கு ஆகுமா?" என்றான். விசாரித்தபோது அறிந்தோம். அவன் தந்தையார் கமக்காரர். முன்னொரு போகத்தில், இரவு தண்ணீர் பார்க்கச் சென்றவரை வரம்பிலே கண்ணாடிப் புடையன் தீண்டிவிட்டது. உயிர் தப்பினார், ஆயினும் அப்போகம் முழுவதும் அவர் வயலில் இறங்கவில்லை.

அன்பர்களே, மானை வேட்டையாடுவது நம் நாட்டிலே சட்டத்தால் விலக்கப்பட்டது. அது நமக்கு வேண்டாத கலை. ஆனால் அவ்வேட்டைக்காரர் தம் காலைக் காக்கக் கற்ற பாடம் நமக்கு வேண்டும். புடையன் தீண்டுவது பெரும்பாலும் பாதத்திலும் கணுக்காலிலுமே. எலியின் சிறுநீர் கலந்த நீரிலே புண்பட்ட காலை வைப்பதால் எலிக்காய்ச்சல் தொற்றுகின்றது. 2024ஆம் ஆண்டு மார்கழியில் யாழ்ப்பாணத்தில் அந்நோய் உயிர்களைக் கவர்ந்ததை நாம் மறந்திருக்க மாட்டோம்.

நாற்று நடும் சேற்றிலே முழங்காற் சப்பாத்துப் புதைந்து இடையூறு செய்யும் என்பது உண்மை. ஆனால் இரவில் வரம்பில் நடக்கவும், பற்றை வெட்டவும், கதிர் அறுக்கவும் அது பெருந்துணை. மெல்லிய றப்பர் எல்லாப் பல்லையும் தடுத்துவிடும் என்று நம்புதல் ஆகாது. கையில் விளக்கும் வேண்டும். தீண்டினால் தாமதியாது ஆஸ்பத்திரிக்கே செல்ல வேண்டும்.

1876ஆம் ஆண்டில் ஹெனரத்கொடைத் தோட்டத்தில் முதல் றப்பர்க் கன்றுகளை நட்ட நாடு இது. அந்த றப்பரில் ஒரு சோடிகூட நம் கமக்காரர் காலை இன்னும் எட்டாதிருப்பது முறையன்று. பிள்ளையின் பள்ளிச் சப்பாத்துக்குப் பணம் ஒதுக்க எந்தத் தந்தையும் மறப்பதில்லை. தம் காலைத்தான் மறந்துவிடுகின்றார். மாணவர்களே, வருகின்ற காலபோகத்துக்கு முன் அதை அவருக்கு நினைவூட்டுவது உங்கள் கடமை.